பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு: பட்ஜி வளர்ப்பில் எதிர்பாராத நிறங்களைக் கைவசப்படுத்த முழுமையான வழிகாட்டி

"ரெண்டுமே பச்சைதாண்ணே. பானைக்குள்ள ஒரு குஞ்சு மட்டும் நீலமா இறகு விடுது. கடைக்காரர் ஏதாவது மாத்திக் குடுத்துட்டாரா?"

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி பக்கம் மாடியில் கூண்டு வைத்திருப்பவர்கள் பொங்கல் கழிந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்வி இது. யாரும் எதையும் மாற்றவில்லை. அந்த நீலம் தாயிடமும் தகப்பனிடமும் முன்பே மறைந்திருந்தது. இரண்டும் ஒரே முட்டையில் சேர்ந்த நாளில்தான் அது வெளியே தெரிந்தது. இப்படி வரும் நிறத்தை அதிர்ஷ்டம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் யாருக்கு யார் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் அடுத்த தலைமுறைக்கும் தங்கும். மற்றவர்களுக்கு அது கொஞ்ச நாள் கூண்டில் இருந்துவிட்டு விலைபோகும் ஓர் அழகான குஞ்சு, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கிடைக்கும் ஆஸ்திரேலியப் பட்ஜியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். 1840-ல் ஜான் கூல்டு இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது எல்லாமே பச்சை உடல், மஞ்சள் முகம், கறுப்புக் கோடு. இன்று கடையில் பார்க்கும் இத்தனை நிறமும் கூண்டில் வளர்த்தவர்கள் கவனித்துப் பிரித்தெடுத்தவை.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் கதிர் கொத்த வரும் நம் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி அதில் வராது. அயல்நாட்டு உயிர்களில் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜி அந்தப் பட்டியலில் இல்லை.

முதல் படி: ஒரு கூண்டு, ஒரு ஜோடி

பெரிய கூண்டில் பத்து ஜோடியை விட்டு, பத்துப் பானையைக் கட்டித் தொங்கவிடுவது காவிரி டெல்டாவில் சாதாரணம். பார்க்கவும் அழகுதான். ஆனால் நிறம் பிரிக்க அது உதவாது. ஜோடி சேர்ந்த பெண்ணே பக்கத்து ஆணோடும் சேரும். ஒரு பானையில் இன்னொரு பெண் புகுந்து முட்டை வைப்பதும் உண்டு. அங்கே ஓர் அபூர்வக் குஞ்சு பிறந்தால் தகப்பன் யார் என்று சத்தியம் செய்ய முடியாது.

இரண்டடி நீளக் கூண்டு ஒரு ஜோடிக்குப் போதும். அப்படிப் பல ஜோடி சேர்ந்திருந்த கூண்டிலிருந்து எடுத்த பெண்ணை உடனே புது ஆணோடு சேர்க்காதீர்கள். பழைய ஆணின் விந்து சில நாள் அதன் உடலில் உயிரோடு இருக்கும் என்பதால் மூன்று வாரம் தனியே வையுங்கள். ஜோடி சேர்க்கும் பறவைகளுக்குப் பத்து மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும். இளம் பெண்ணை அவசரப்பட்டுப் பானையில் விட்டால் முட்டை அடைத்துக்கொண்டு செத்துப்போகும்.

பானை நம் குயவர் செய்யும் மண்பானையே நல்லது. வெயிலில் மரப்பெட்டியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு குறைதான் உண்டு: உள்ளே வழவழப்பு. குஞ்சின் கால்கள் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும். ரசாயனம் பூசாத மரத்தின் இழைப்புச் சுருளை ஒரு கைப்பிடி அடியில் போடுங்கள்.

இரண்டாம் படி: வளையமும் நோட்டும்

ஆறு முதல் ஒன்பது நாளுக்குள் குஞ்சின் காலில் எண் பொறித்த, இணைப்பே இல்லாத அலுமினிய மூடு வளையத்தைப் போட்டுவிட வேண்டும். முன் இரண்டு விரலோடு பின்னால் உள்ள நீள விரலையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின்னால் உள்ள சின்ன விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, வளையத்தை மேலே ஏற்றியபின் அந்தச் சின்ன விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். நாள் தாண்டினால் ஏறாது, வற்புறுத்தவும் கூடாது.

நோட்டில் தாய், தகப்பன் எண், ஒவ்வொரு முட்டை வைத்த தேதி, பொரித்த தேதி, குஞ்சின் நிறம், கண் நிறம். இவ்வளவு போதும். செத்த குஞ்சையும் எழுதுங்கள். கணக்கில் அதுவும் ஒரு குஞ்சு.

மூன்றாம் படி: குஞ்சை வாசிப்பது

பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். சாதாரணமாக நான்கு முதல் ஆறு. பதினெட்டு நாள் அடை. குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

பொரித்த மறுநாள் பானை வாயில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கண் இன்னும் திறந்திருக்காது. ஆனால் மூடிய இமைத்தோல் மெல்லியது, உள்ளே இருக்கும் கண் நிழலாகத் தெரியும். சாதாரணக் குஞ்சுக்கு இரண்டு கரும்பொட்டு. லூட்டினோ (முழு மஞ்சள்), ஆல்பினோ (முழு வெள்ளை) வகைகளுக்கு அந்த இடம் வெளிர் சிவப்பு. சின்னமன் என்ற பழுப்புக்கோட்டு வகையில் முதல் சில நாள் நாவல்பழத் தோல் நிறம் தெரியும், பிறகு கறுத்துவிடும். இந்தச் சில நாளைத் தவறவிட்டால் சின்னமனைக் கண்டுபிடிக்க இறகு வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிச்சம் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பத்து நாள் வாக்கில் தூவி வரும். சாம்பல் தூவி என்றால் சாதாரணக் கோட்டுவகை. வெள்ளைத் தூவி என்றால் ஓப்பலைன் (தலையிலும் முதுகிலும் கோடு குறைந்தது), ரெசஸிவ் பைடு (திட்டுத்திட்டாக நிறம் விட்டது), லூட்டினோ போன்ற ஏதோ ஒன்று. இரண்டு வாரத்துக்குள் இறகுமுளையின் நுனியில் பச்சையா நீலமா என்று தெளிவாகும்.

முழு வெள்ளைக் குஞ்சு வந்தால் எல்லோரும் ஆல்பினோ என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். சிவப்புக் கண் என்றால்தான் ஆல்பினோ. கறுப்புக் கண்ணாக இருந்து, வளர்ந்தபின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தால் அது இரட்டை ஸ்பேங்கிள் (நான்காம் படியில் வரும்). கறுப்புக் கண்ணில் கடைசிவரை வளையம் விழாவிட்டால் டார்க் ஐடு கிளியர். ரெசஸிவ் பைடும், பறக்கும் இறகு வெளிறிய கிளியர்ஃப்ளைட்டும் ஒரே பறவையில் சேர்ந்தால் வருவது அது. மூன்றும் வெள்ளைதான், ஆனால் மூன்றையும் பெருக்கும் வழி வேறு வேறு.

நான்காம் படி: எந்த வகை மரபு என்று பிரிப்பது

பள்ளிப் பாடத்தில் படித்த ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நீலம் ஒடுங்கு பண்பு. பட்ஜியின் பச்சை இரண்டு விஷயம் சேர்ந்த நிறம்: இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்துத் தரும் நீலம், அதன்மேல் பறவையே தன் உடலில் தயாரிக்கும் மஞ்சள் நிறமி. அந்த மஞ்சளைத் தயாரிக்கும் மரபணுவில் ஒரே ஓர் இடம் மாறியதால் மஞ்சள் நின்றுபோய் நீலம் மட்டும் தெரிகிறது என்று 2017-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சள் தீனியிலிருந்து வருவதில்லை. அதனால் கேரட் கொடுத்தால் நிறம் ஏறும் என்பது பட்ஜி விஷயத்தில் வீண்பேச்சு.

நீலத்தை மறைத்து வைத்திருக்கும் பச்சையை ஸ்ப்ளிட் என்கிறோம். ஸ்ப்ளிட் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நீலம் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஐந்து குஞ்சில் ஒன்றுகூட நீலம் வராமல் போக ஏறக்குறைய 24 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. பத்துக் குஞ்சு எடுத்தும் வராமல் போக 6 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே ஒரே ஈட்டை, அதாவது ஒரு தடவை பொரித்த குஞ்சுகளை மட்டும் பார்த்துவிட்டு "இந்த ஜோடியில ஒண்ணும் இல்ல" என்று தள்ளிவிடக் கூடாது. அந்த ஜோடியின் பச்சைக் குஞ்சுகளில் மூன்றுக்கு இரண்டு ஸ்ப்ளிட்டாக இருக்கும். பார்வைக்குத் தெரியாது.

லூட்டினோ, ஆல்பினோவின் சிவப்புக் கண், சின்னமன், ஓப்பலைன் எல்லாம் பால் சார்ந்த ஒடுங்கு பண்புகள். இவற்றின் மரபணுக்கள் இசட் என்ற பால் குரோமோசோமில் இருக்கின்றன. பறவைகளில் ஆணுக்குத்தான் இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்று. ஆகவே பெண் இந்த நிறங்களை மறைத்து வைத்திருக்கவே முடியாது. இருந்தால் வெளியே தெரியும், தெரியாவிட்டால் இல்லை. மறைத்து வைத்திருப்பது எப்போதும் ஆண்தான். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பானைக்குள் நடப்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பச்சை ஜோடிக்குச் சிவப்புக் கண்ணோடு ஒரு வெள்ளைக் குஞ்சு பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஞ்சு பெண். தகப்பன் நீலத்துக்கு ஸ்ப்ளிட், சிவப்புக் கண்ணுக்கும் ஸ்ப்ளிட். தாய் நீலத்துக்கு ஸ்ப்ளிட், ஆனால் சிவப்புக் கண் அதனிடம் கிடையாது. ஒரே குஞ்சு மூன்று பறவையின் ஜாதகத்தைச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஜோடியில் ஆல்பினோ வர வாய்ப்பு பதினாறில் ஒன்று.

"இல்ல, மூக்கு ரோஸ் கலர்ல இருக்கே, ஆண் மாதிரி தெரியுதே" என்று யாராவது சொன்னால் இன்னொரு சோதனை. சாதாரண வகையில் வளர்ந்த ஆணுக்கு மூக்கு நீலம், பெண்ணுக்கு வெளிறிய நிறம் அல்லது பழுப்பு. லூட்டினோ, ஆல்பினோ ஆணுக்கு மூக்கு ஆயுசு முழுக்க இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். நிஜமாகவே ஆணாக இருந்தால் தாய் பச்சையாக இருக்க வழியில்லை. நோட்டில் தாயின் எண் தவறு, அல்லது வேறு பெண் புகுந்து முட்டை வைத்திருக்கிறது.

மூன்றாவது வகையில் மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே கொஞ்சம் தெரியும், இரண்டு பிரதி இருந்தால் வேறாகத் தெரியும். ஸ்பேங்கிள் அப்படி. 1970-களில் ஆஸ்திரேலியாவில் வந்தது. ஒற்றையில் இறகோரத்தில் மட்டும் கோடு. ஸ்பேங்கிள் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று கோடே இல்லாமல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வரும். நிறத்தைக் கறுக்கச் செய்யும் டார்க் ஃபேக்டரும் இதே வகை: ஒன்று சேர்ந்தால் கரும்பச்சை, இரண்டு சேர்ந்தால் ஆலிவ். நீலத்தில் அதுவே கோபால்ட், மாவ். ஆலிவும் மாவும் மங்கலாக இருப்பதால் கடைகளில் மலிவு. நான் வாங்கச் சொல்வது அவற்றைத்தான். மாவோடு ஆகாய நீலத்தைச் சேர்த்தால் குஞ்சு எல்லாமே கோபால்ட். இத்தனை உறுதியான வாய்ப்பு வேறெந்த ஜோடியிலும் சுலபத்தில் கிடைக்காது.

நீலப் பறவையில் வரும் 'மஞ்சள் முகம் டைப் 1' இன்னும் விசித்திரம். ஒரு பிரதி இருந்தால் முகம் மஞ்சள். இரண்டு பிரதி இருந்தால் முகம் மறுபடி வெள்ளை! சாதாரண நீலம் என்று நினைத்து வாங்கிய பறவையை இன்னொரு நீலத்தோடு சேர்த்து, குஞ்சு அத்தனையும் மஞ்சள் முகத்தோடு வந்தால் வாங்கியது இந்த இரட்டைப் பறவை. விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வந்த நிறத்தை நிலைநிறுத்துவது

எல்லோரும் அபூர்வக் குஞ்சை வைத்துக்கொண்டு தாய் தகப்பனை விற்றுவிடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மேலே சொன்ன ஆல்பினோ குஞ்சின் வீட்டில் விலைமதிப்பானது அந்தப் பச்சைத் தகப்பன். அதை உறவில்லாத நீலப் பெண்ணோடு சேர்த்தால் பாதி நீலம் வரும், பெண்குஞ்சுகளில் பாதிக்குச் சிவப்புக் கண் வரும். அடுத்த ஈட்டிலேயே எட்டில் ஒன்று ஆல்பினோ, எட்டில் ஒன்று லூட்டினோ என்று கணக்கு உயர்ந்துவிடுகிறது.

ஆல்பினோ மகளுக்கு ஒரு வயது ஆனதும் உறவில்லாத நீல ஆணைக் கொடுங்கள். ஒரு குஞ்சும் ஆல்பினோவாக வராது, மனம் தளர வேண்டாம். மகன்கள் எல்லாம் நீலம், எல்லாம் சிவப்புக் கண்ணுக்கு ஸ்ப்ளிட். அவற்றை வேறு வீட்டு ஆல்பினோ பெண்ணோடு சேர்த்தால் ஆணிலும் பாதி, பெண்ணிலும் பாதி ஆல்பினோ. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் ஒரு தலைமுறை மிச்சமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. நிறம் சீக்கிரம் வரும், கூடவே சின்ன உடம்பு, பொரிக்காத முட்டை, வலுவில்லாத குஞ்சும் வரும். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த மகன்களை விதைநெல் மாதிரி தனியே வைத்து, வெளி ரத்தம் சேர்த்துத்தான் விதைக்க வேண்டும்.

ஒரு பச்சைப் பறவை ஸ்ப்ளிட்டா என்று சந்தேகம் இருந்தால் நீலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நீலக் குஞ்சு வந்தாலே ஸ்ப்ளிட் உறுதி. ஆறு குஞ்சும் பச்சையாக வந்தால் அது ஸ்ப்ளிட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்ப்ளிட் பறவைக்கு அப்படி ஆறும் பச்சையாக வருவது 64-ல் ஒரு தடவைதான்.

உண்மையிலேயே அபூர்வமான அதிர்ஷ்டம்

இதுவரை சொன்னதெல்லாம் கணக்குக்கு அடங்கும் ஆச்சரியங்கள். லேஸ்விங் வேறு ரகம். மஞ்சள் அல்லது வெள்ளை உடல், சிவப்புக் கண், அதன்மேல் வெளிர்பழுப்பில் மெல்லிய கோடுகள், கன்னத்தில் வெளிர் ஊதாப் பொட்டு. சின்னமனும் சிவப்புக் கண்ணும் ஒரே இசட் குரோமோசோமில் வந்து சேர்ந்தால்தான் இது.

சின்னமன் ஆணையும் லூட்டினோ பெண்ணையும் சேர்த்தால் மகன்கள் பார்வைக்குச் சாதாரணப் பச்சை. ஒரு குரோமோசோமில் சின்னமன், இன்னொன்றில் சிவப்புக் கண். இந்த மகனைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் மகள்களில் ஏறக்குறைய பாதி சின்னமன், பாதி லூட்டினோ. விந்து உருவாகும்போது இரண்டு குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதைக் குறுக்கேற்றம் என்பார்கள். இந்த இரண்டு மரபணுவும் மிக நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால் அவற்றுக்கிடையே அது நடப்பது சுமார் நூற்றுக்கு மூன்றுமுறைதான். அதிலும் பாதிதான் லேஸ்விங், மறுபாதி சாதாரணப் பச்சையாகப் போய்விடும். நூறு மகள்களில் ஒன்றோ இரண்டோ.

ஆனால் அதே நெருக்கம் பிறகு நமக்குச் சாதகம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் சுலபத்தில் பிரியாது. லேஸ்விங் பெண்ணைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் மகன்கள் அந்த இரண்டையும் ஒரே துண்டாகச் சுமப்பார்கள். அந்த மகன்களின் மகள்களில் ஏறக்குறைய பாதி லேஸ்விங். லூட்டினோ என்று விற்க எடுத்த பெண்ணின் சிறகில் பழுப்புக் கோடு நிழலாடுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கூண்டை மூடுங்கள்.

எதிர்பாராமல் வந்தும் பெருக்க முடியாத நிறமும் உண்டு. உடலின் ஒரு பாதி பச்சை, மறுபாதி நீலம் என்று நடுவில் கோடு போட்டதுபோல் வரும் ஹாஃப் சைடர் கருவளர்ச்சியில் நடக்கும் மாறுபாடு. குஞ்சுக்கு அது இறங்காது. நல்ல விலை சொல்லி யாராவது அதன் குஞ்சு என்று விற்றால் சாதாரணக் குஞ்சுக்குரிய பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ரெயின்போ என்று விற்பதும் தனி மரபணு இல்லை: மஞ்சள் முக நீலம், ஓப்பலைன், சிறகுக் கோடு வெளிறிய கிளியர்விங் மூன்றும் ஒரே பறவையில் சேர்ந்தது. மூன்றையும் தனித்தனியே கொண்டுவந்து சேர்த்தால் நாமே எடுக்கலாம்.

டெல்டாவின் பருவமும் தீனியும்

நிறக் கணக்கு எத்தனை சரியாக இருந்தாலும் முட்டை பொரித்தால்தான் பலன். தை முதல் பங்குனி வரை நமக்கு அருமையான காலம். சித்திரையில் பானையை எடுத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தகரத்துக்குக் கீழே குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம்தான் எதிரி. தினை பூஞ்சணம் பிடிக்கும், பானை இடுக்கில் சிவப்புப் பேன் பெருகும். அப்போதும் ஈடு எடுக்காமல் இருப்பதே நல்லது. 2018 கஜா புயல் மாதிரி ஒரு ராத்திரி வந்தால் மாடிக் கூண்டு நிற்காது. ஒரு ஜோடிக் கூண்டுகளை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடலாம் என்பது அதன் இன்னொரு வசதி.

வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். பானை தொங்கிக்கொண்டே இருந்தால் பெண் முட்டை வைத்துக்கொண்டே போய் உருக்குலையும். தினையும் கம்பும் அன்றாடத் தீனி. குஞ்சு இருக்கும்போது முளைகட்டிய பாசிப்பயறு, வேகவைத்து மசித்த முட்டை, முருங்கைக்கீரை. முட்டை ஓட்டுச் சத்துக்குக் கணவாய் ஓடு, கடைகளில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையில் பொறுக்குகிறவர்கள் உப்புப்போக நன்றாக ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். பெண் அடிவயிறு வீங்கி, கூண்டின் தரையில் குந்தி மூச்சுவாங்கினால் கைவைத்தியம் வேண்டாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

விற்கும்போது

முதல் இறகு உதிர்ந்து நெற்றிக்கோடு மறையும்வரை, அதாவது மூன்று நான்கு மாதம் வரை, அபூர்வக் குஞ்சின் கூடப்பிறந்தவற்றை விற்காதீர்கள். ஸ்பேங்கிளா, ஓப்பலைனா, வயலட் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகும். விற்கும்போது வளைய எண், தாய் தகப்பன் நிறம், எதற்கு ஸ்ப்ளிட் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சோதித்து அறிந்ததை "உறுதி" என்றும், மூன்றுக்கு இரண்டு கணக்கில் இருப்பதை "இருக்கலாம்" என்றும் பிரித்து எழுதுங்கள். வாங்குபவரின் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு வெளி ரத்தம் தேவைப்படும்போது, கொடுத்த பறவையின் பேரப்பிள்ளை திருவாரூரில் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.